முன்னுக்குச் சரிஞ்ச எழுத்து

அகலமான எழுத்துக்கு இடம் கூடப் பிடிக்கும். என்ரை அச்சுக் கடைக்கு வாற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது அதுதான். கலியாண அழைப்புக் காட்டுக்கு அந்த எழுத்தைக் கேட்டு வந்தால் மறுத்துப் போடுவன். பொம்பிளை மாப்பிளையின்ரை பேர் ஓட்டப்போட்டிக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கக் கூடாதெல்லே. அது ஜேர்சிக்கும் வானுக்கும் கொம்பியூட்டர் படிப்பிக்கிற இடத்துப் போர்டுக்கும் உரிய எழுத்து. நல்ல தடிப்பு, நல்ல அகலம், முன்னுக்கு ஒரு சரிவு. றோட்டுக்கு அங்காலை நிண்டு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரித்தான் தெரியும்.

தம்பி மாமாங்கம், உங்கடை இளம்பரிதி விளையாட்டுக் கழகம் இந்த வருசம், தொண்ணூற்றொன்பதிலை, போடுற மலருக்கு, இந்த எழுத்து பிறந்த கதையை ஒரு பக்கம் கேட்டனீர். "எழுதப் பஞ்சியெண்டால் கதையுங்கோ அண்ணை, நான் கேட்டு எழுதுறன்" எண்டு ரேப் றெக்கோடரையும் கசற்றையும் மேசையிலை வைச்சிட்டுப் போனீர். மூண்டு கிழமையாய்க் கிடக்குது. இப்ப இரவு பத்தரை மணி, கடையிலை ஆக்களில்லை, கதவையும் சாத்திப்போட்டுக் கதைக்கிறன். இதிலை மலருக்கு உதவுறது எவ்வளவு இருக்குமெண்டு எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றஞ்சிலை நீர்தான் முதன்முதல் கேட்டனீர். பெடியளின்ரை ஜேர்சியிலை கழகத்தின்ரை பேர் தமிழிலைதான் வேணும், ஆனா இஞ்சத்தை ஹொக்கி ரீம் எழுத்து மாதிரி விறுவிறுப்பாய் இருக்கவேணும் எண்டு. நான் இருந்த எழுத்தொண்டை எடுத்துக் கொம்பியூட்டரிலை சரிச்சுக் காட்டினன். நீர் விழுந்து விழுந்து சிரிச்சனீர். "என்ன அண்ணை, எழுத்து குடிவெறியிலை நிக்குது" எண்டனீர். சரியாத்தான் சொன்னனீர். தமிழ் எழுத்தைச் சும்மா பிடிச்சுச் சரிக்கேலாது. வட்டமெல்லாம் முட்டையாய்ப் போகும். தடிப்பைக் கூட்டினால் 'ண'வின்ரை சுழியள் அடைச்சுப்போய்க் கறுப்புக் கட்டியாய் நிக்கும். பத்து வருசமாய் அச்சுத்தொழில் செய்யிறனெண்டு பெருமையடிச்சுத் திரிஞ்ச எனக்கு அண்டைக்கு முகம் செத்துப்போச்சு.

பிறகு ரெண்டு மாதத்திலை நான் உமக்கு ஒரு பேப்பரைக் காட்டினன். 'இளம்பரிதி' எண்டு அந்த எழுத்திலை இருந்தது. நீர் அதைப் பார்த்திட்டு, "அண்ணை, இதை நீங்களோ செய்தனீங்கள்?" எண்டு கேட்டனீர். நான் ஓமெண்டு சொன்னன். அது பொய். அதைச் செய்தவன் பஸ்ரியன்.

நீர் அவனைக் கண்டிருக்கிறீர். பின்னறையிலை பச்சைச் சுவெற்றரோடை குனிஞ்சுகொண்டிருந்த மெலிஞ்ச மனிசன். ஆரெண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டனீர். கடையிலை உதவிக்கு நிக்கிறவரெண்டு சொன்னன். அவனுக்கு அப்ப முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூர் ஆள். ஊரிலை மினிபஸ்ஸுக்குப் பேர் எழுதினவன். அகதியாய் இந்த நாட்டுக்கு வந்து, இருக்கவிடச் சொல்லிக் கேஸ் போட்டிட்டு, பெண்சாதி கிளடிஸையும் மகள் மக்டலீனையும் கூப்பிடுறதுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு ஆறு வயது. சண்டையாலை யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்ததுக்குப் பிறகு அதுகள் ரெண்டும் எங்கை நிக்குதுகளெண்டே அவனுக்குக் கொஞ்சக்காலம் தெரியாது. கேஸ் சரிவந்தால் குடும்பத்தை எடுக்கலாம். வேறை ஒரு நினைப்பும் அவனுக்கு இருக்கேல்லை.

நான் சரிச்சு வைச்சிருந்த எழுத்தைப் பார்த்திட்டு, "அண்ணை, உங்கடை 'ழ'வுக்கு முதுகு பிடிச்சுப்போச்சு" எண்டான். பகிடிக்காறன். "உதைக் கொம்பியூட்டர் சரிக்காது. முழுக்கத் திருப்பிக் கீறவேணும்." பஸ்ஸின்ரை வலப்பக்கத்திலை எழுதேக்கை சரிவு ஓட்டத்தோடை போகுமாம், இடப்பக்கத்திலை அதே சரிவு பஸ்ஸைப் பின்னுக்கு இழுக்கிற மாதிரித் தெரியுமாம், அதாலை அந்தப் பக்கத்திலை சரிவைக் குறைச்சு எழுத்தை அகட்டுவனெண்டு சொன்னான். அச்சுக்கூடத்திலை இருந்த எனக்கு உது ஒருநாளும் தெரியாது. அவன் ஒவ்வொரு எழுத்தையும் ட்ரேசிங் பேப்பரிலை பென்சிலாலை கீறினான். நான் அதை ஸ்கான் பண்ணிக் கொம்பியூட்டருக்குள்ளை ஏத்தினன். அவன் பக்கத்திலை இருந்து, இஞ்சை கொஞ்சம் தடிப்பை எடுங்கோ, அந்த ஓட்டையைத் திறவுங்கோ எண்டு சொல்லச் சொல்ல நான் மவுஸைப் பிடிச்சன். என்ரை பங்கு அவ்வளவுதான்.

உங்கடை பெடியள் அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்த நாளுக்குப் பிறகு எனக்கு மரியாதை கூடிப்போச்சு. சாமான்கடையிலை ஆக்கள் நிப்பாட்டிக் கைகுடுத்தினம். கொம்பியூட்டர் கல்லூரிக்காறர் வந்தினம், கூரியர் வான்காறர் வந்தினம். கிழமைப் பேப்பரிலை என்ரை படம் வந்தது, 'எழுத்து வடிவமைப்பாளர் பத்மநாதன்' எண்டு. பஸ்ரியன் அதை வாசிச்சிட்டு மடிச்சு வைச்சான். "என்ரை பேரையும் ஒரு மூலையிலை போட்டிருக்கலாம் அண்ணை" எண்டான், கோவமில்லாமல். அடுத்தமுறை போடுவமெண்டு சொன்னன். எனக்கு அப்பவே வெக்கமாயிருந்தது. ஆனா அந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினதும் நான்தான்.

இப்ப கடிதத்தைப் பற்றிச் சொல்லவேணும். அந்த நேரம் எங்கடை ஆக்கள் ஒரு பேஸ்மென்றிலை ஆறு மாதம் நிண்டால் பெரிசு. இண்டைக்கு டோர்செட் பார்க்கிலை, நாளைக்கு வோபர்னிலை எண்டு வீடு மாறிக்கொண்டிருப்பினம். அதாலை கனபேர் இமிகிறேசனுக்கு என்ரை கடை அட்ரஸைத்தான் குடுத்தவை. நான்தான் அவையின்ரை போர்மை நிரப்பி, கதையை இங்கிலிசிலை அடிச்சுக் குடுக்கிறனான். கடிதம் வந்தால் உடைச்சு வாசிச்சு, விளங்கப்படுத்திக் குடுக்கிறதும் நான். எல்லாரும் உடைக்கச் சொல்லித்தான் வைச்சிருந்தவை. சுவரிலை தட்டுத் தட்டாய் ஒரு பெட்டி அடிச்சு, பேர் எழுதி ஒட்டியிருந்தன். எழுபது எண்பது குடும்பத்தின்ரை கடிதம் அதுக்குள்ளாலை போயிருக்கும். ஒண்டும் துலைஞ்சதில்லை. ஆரும் கேட்டால் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறன்.

பஸ்ரியனுக்கு முதல் ஒரு லோயர் இருந்தவர். அவர் தொழிலை விட்டிட்டுப் போயிட்டார். வேறை ஆள் பிடிக்கும்வரைக்கும் அவன்ரை கேஸுக்கு இருந்த ஒரே வாசல் என்ரை கடைதான். ஒவ்வொரு வெள்ளியும் கேப்பான், "அண்ணை, எனக்கு ஏதும் வந்ததோ?"

தொண்ணூற்றாறு ஆடி மாதம் அவன் ஒரு கதை சொன்னான். கேஸ் சரிவந்தால் தான் தனியப் போகப்போறானாம். வானுக்கும் கடைக்கும் போர்ட் எழுதிற வேலை, சின்ன இடமொண்டு. "எழுத்தையும் கொண்டுபோறன் அண்ணை. நீங்களும் பாவியுங்கோ, எனக்குப் பிரச்சினையில்லை. ஆனா அது என்ரை பேரிலை இருக்கட்டும். மக்டலீன் எண்டு பேர் வைக்கப்போறன்." நியாயமான கதைதான். நான் சந்தோசம் எண்டு சொன்னன். அண்டைக்கு வீட்டை போயும் அதையே யோசிச்சன். ஒரு உதவிக்கு நிண்ட ஆள் வெளியிலை போய், பத்மநாதன் ஒண்டும் செய்யேல்லை, நான்தான் செய்தனான் எண்டு சொன்னால் நான் எப்பிடி அந்தச் சாமான்கடைக்குப் போறது. அந்த நேரம் எழுத்தும் முடியேல்லை. நூற்று நாற்பது சொச்ச வடிவத்திலை முப்பது மிச்சமிருந்தது.

ஓகஸ்ற் நடுப்பகுதியிலை அவன்ரை விசாரணைக் கடிதம் வந்தது. வழக்கம்போலை உடைச்சன். செப்ரெம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலமை ஒன்பது மணி. நான் அதைத் தட்டிலை போடேல்லை. என்ரை மேசை லாச்சிக்குள்ளை வைச்சன். மிச்ச எழுத்து முடியட்டும், பிறகு குடுப்பமெண்டு நினைச்சன். இன்னும் ஒரு மாதம் கிடந்ததுதானே. அந்த வெள்ளிக்கிழமை அவன் கேட்டான். இன்னும் வரேல்லைத் தம்பி எண்டு சொன்னன். முதல்தரம் சொல்லேக்கை நாக்குத் தடக்கினது. மூண்டாந்தரம் சுகமாய் வந்தது.

மறந்துபோனன் எண்டு நான் கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான். மறக்கேல்லை. சுவர்க் கலண்டரிலை பதினேழாம் திகதியிலை பென்சிலாலை சின்னனாய் ஒரு புள்ளி வைச்சிருந்தன். அண்டைக்கு அவனை வழக்கத்திலும் பார்க்க முந்தி, எட்டு மணிக்கே வரச்சொன்னன். மிச்ச எழுத்தை இண்டைக்கு முடிச்சுப்போடுவமெண்டு சொன்னன். அவன் சந்தோசமாய் வந்தான். ஒன்பது மணிக்கு அவன் 'ஙூ' கீறிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னாலை மணிக்கூடு. ஒன்பதரைக்கு 'ஞூ'. தமிழிலை ஆரும் அந்த எழுத்தை வைச்சு ஒரு சொல் எழுதுறேல்லை. இண்டைவரைக்கும் ஒரு ஜேர்சியிலோ ஒரு போர்டிலோ நான் அதை அடிச்சதில்லை. "உது ஆருக்கு அண்ணை?" எண்டு அவனே சிரிச்சான். முழுசாய் இருக்கவேணும் தம்பி எண்டன். மத்தியானம் மட்டன் றோல்ஸ் வாங்கிக் குடுத்தன். தான் ரெண்டைச் சாப்பிட்டிட்டு மூண்டாவதை எனக்கெண்டு எடுத்து வைச்சான்.

அதோடை எல்லாம் முடிஞ்சுபோகேல்லை. ஏன் வரேல்லை, வந்து காரணம் சொல்லு, இல்லாட்டிக் கேஸைக் கைவிட்டதாய் எடுப்பம் எண்டு இன்னொரு கடிதம் வந்தது. அது பதிவுத் தபால். கையெழுத்து வைச்சு வாங்கினது நான். அப்பகூட அதைக் குடுத்திருந்தால் அவன் போய், கடைக்காறன் தரேல்லை எண்டு சொல்லித் தப்பியிருப்பான். அதுதான் பிரச்சினை. கடைக்காறன் தரேல்லை எண்டு அவன் சொல்லவேண்டி வரும். ஒரு கடிதத்தை ஒளிச்சால் ரெண்டாவதையும் ஒளிக்கத்தான் வேணும். நான் கெட்ட மனிசனில்லை எண்டு நினைச்சுக்கொண்டு அதையும் அதே லாச்சிக்குள்ளை வைச்சன்.

தொண்ணூற்றேழு தை மாதம், பின்னேரம் மூண்டு மணிபோலை, ரெண்டு இமிகிறேசன் ஒஃபிசர்மார் கடைக்கு வந்து அவன்ரை பேரைச் சொல்லிக் கேட்டினம். நான் பின்பக்கம் திரும்பி, "தம்பி பஸ்ரியன், உம்மைத் தேடி ஆக்கள் வந்திருக்கினம்" எண்டு கூப்பிட்டன். போர்ட் எழுதுறதுக்கு ஆரோ வந்திருக்கினமெண்டு நினைச்சு அவன் கையைத் துடைச்சுக்கொண்டு சிரிச்ச முகமாய் வந்தான். தன்னைப் பிடிக்க வந்திருக்கினமெண்டு விளங்கினவுடனை என்ரை பக்கம் திரும்பினான். அவனுக்கு இங்கிலிஸ் வராது. "அண்ணை, எனக்குக் கடிதமொண்டும் வரேல்லையெல்லே. இவைக்கு ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை" எண்டான். அவையும் என்னட்டைத்தான் கேட்டினம், இவருக்குக் கடிதங்கள் கிடைச்சதோ எண்டு.

கிடைச்சதெண்டு சொன்னன். ரெண்டும் கையிலை குடுத்தனானெண்டு இங்கிலிசிலை, மரியாதையாய், பிழையில்லாமல் சொன்னன்.

நான் தனக்காகக் கதைக்கிறனெண்டு பஸ்ரியன் நினைச்சான். கதவடியிலை வைச்சுத் திரும்பி, "பெரிய உதவி அண்ணை" எண்டு சொல்லிப்போட்டுப் போனான்.

ரெண்டு மாதம் உள்ளை வைச்சிருந்தினம். நான் மூண்டுதரம் போய்ப் பார்த்தனான். உடுப்புக் கொண்டுபோய்க் குடுத்தன். ஒருமுறை எழுத்து முழுவதும் அடிச்ச பேப்பரொண்டையும் கொண்டுபோனன், அவனுக்கு ஆறுதலாயிருக்குமெண்டு. கண்ணாடிக்கு அங்காலை இருந்து கனநேரம் பார்த்திட்டு, 'ஞூ'வின்ரை வால் கொஞ்சம் நீளமெண்டான். பிறகு அழுதான். பிள்ளைக்கு என்னெண்டு சொல்லப்போறன் அண்ணை எண்டு கேட்டான். கடவுள் இருக்கிறார் தம்பி எண்டு சொன்னன். பங்குனியிலை திருப்பி அனுப்பினவை. கொழும்பிலை ஒரு லொட்ஜிலை மூண்டு மாதம் நிண்டவன். ஒருநாள் ஆரோ வந்து கூட்டிக்கொண்டு போச்சினமாம். அதுக்குப் பிறகு தகவலில்லை. கிளடிஸ் கொழும்புக்கு வந்து எல்லா இடமும் ஏறி இறங்கித் தேடினவ. அந்த விபரமெல்லாம் எனக்குக் கடிதமாய் எழுதினவ. 'அவருக்கு அங்கை நீங்கள்தான் கூடப்பிறந்தவர் மாதிரி' எண்டு முடிச்சிருந்தவ. அதை வாசிச்ச அண்டைக்கு நான் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை போய்ப் படுத்தன். அடுத்தநாள் திறந்தன். ஓடர் இருந்தது.

போன வருசம் ஒக்ரோபரிலை கிளடிஸ் மகளோடை இஞ்சை வந்திட்டா. வந்து முதல் கிழமையே என்ரை கடையைத் தேடிப்பிடிச்சு, கேக் அடிச்சுக் கொண்டுவந்தவ. அந்தப் பிள்ளைக்கு இப்ப பத்து வயது. சுவரிலை இருந்த போஸ்ரரைப் பார்த்து, இது அப்பாவின்ரை எழுத்து மாதிரி இருக்கு எண்டு சொன்னது. கிளடிஸ், சும்மா இரு பிள்ளை, அது அங்கிள் செய்தது எண்டு அதட்டினவ. நான் கேக்கை வெட்டிப் பிள்ளைக்கு ஒரு துண்டு குடுத்தன். தம்பி, அந்த இடத்திலை நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இப்ப அவவின்ரை கேஸ். அவவின்ரை லோயர் சொல்லியிருக்கிறார், விசாரணையிலை கட்டாயம் ஒரு கேள்வி வருமெண்டு. உயிருக்குப் பயமெண்டு வந்த உங்கடை புருசன், தன்ரை விசாரணைக்கே போகேல்லை, கேஸைக் கைவிட்டவர். அப்ப உங்கடை குடும்பத்துக்கு என்ன பயம்? இதுக்கு மறுமொழியில்லாட்டிக் கேஸ் நிக்காது, தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்புவினம். மறுமொழி சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான். கடிதம் கடைக்கு வந்தது, அவன்ரை கையிலை போய்ச் சேரேல்லை எண்டு நான் வந்து சொன்னால் போதும். லாச்சிக் கதை, கலண்டர்க் கதை ஒண்டும் வேண்டாம். தவறிப்போச்செண்டு பொய் சொல்லியிருந்தால்கூட அதுகள் தப்பியிருக்கும். கிளடிஸ் என்னைக் கேட்டவ. "ஓம் தங்கச்சி, வாறன்" எண்டு சொன்னனான்.

விசாரணை நேற்றுக் காலமை பத்து மணிக்கு.

சேவெடுத்து, வெள்ளைச் சேட் போட்டு, கெனடி ஸ்ரேசன் மட்டும் போனனான். பிளாட்போமிலை நிண்டன். ரெயின் வந்தது. கையெழுத்து வைச்சு வாங்கின அந்தப் பதிவுத் தபாலின்ரை துண்டை முன்னாலை போட்டு இது ஆற்றை கையெழுத்தெண்டு கேட்டால் என்ன சொல்லுறதெண்டு யோசிச்சன். கடையிலை வைச்சு ஒஃபிசர்மாருக்கு நான் சொன்னதையும் எழுதி வைச்சிருப்பினம். நாலு ரெயின் போச்சு. பிறகு திரும்பி வந்து கடையைத் திறந்து, உங்கடை மலருக்கு அட்டை செய்தன். 'இளம்பரிதி' எண்டு, அந்த எழுத்திலை, இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைமட்டும். நல்ல வடிவாய் வந்திருக்கு.

மலரிலை 'எழுத்து: பஸ்ரியன்' எண்டு போடும். எழுத்தின்ரை பேர் மக்டலீன். இதிலை ஒரு சொல்லும் மாத்தவேண்டாம். கிளடிஸுக்கு இந்தக் கசற்றைப் போட்டுக் காட்டவேண்டாம், அவவுக்கு நானே நேரிலை போய்ச் சொல்லுறன்.

நேற்றுப் பின்னேரம் அவ போன் பண்ணினவ. நான் எடுக்கேல்லை, மெசேஜ் விட்டிருக்கிறா. "அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ? காய்ச்சலோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். மல்லிக் கசாயம் வைச்சுக் கொண்டரட்டோ? விசாரணையிலை அவை நல்லாய்த்தான் கேட்டவை, அவரின்ரை விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை. முடிவு இப்ப சொல்லமாட்டினமாம். இன்னும் ஏதும் காட்டுறதெண்டால் நாள் குறிச்சுக் கடிதம் போடுவினமாம், அண்டைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னவை. நாங்கள் இந்த மாதக் கடைசியிலை வீடு மாறுறமெல்லே அண்ணை, அதாலை உங்கடை கடை அட்ரஸைத்தான் குடுத்திருக்கிறன்."

வந்த உடனை குடுப்பன்.